ராணுவப் பயிற்சிக்குத் தயாராகும்போது கணைக்கால் வலித்தால்: டர்பன் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்க ராணுவத்தில் இளைஞர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கும் எம்.எஸ்.டி.எஸ். திட்டத்துக்கு விண்ணப்பித்துவிட்டு ஓடிப் பழகுகிறீர்கள். சில வாரங்களில் முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்பக்கம் வலிக்க ஆரம்பிக்கிறது. பெரும்பாலும் அது ஷின் ஸ்பிளின்ட்ஸ்தான். எனக்கும் வந்தது. எங்கள் டர்பன் புறநகர் சாட்ஸ்வர்த்தில் கேட்ட இடத்திலெல்லாம் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். எண்ணெய் தேய்க்கச் சொன்னார் ஒருவர், இறுக்கிக் கட்டச் சொன்னார் இன்னொருவர், வலியோடு ஓடினால் தானே போய்விடும் என்றார் மூன்றாமவர். எந்த டாக்டரிடம் போவது, எந்தக் காகிதத்தை எடுத்துப் போவது, சரியாக எத்தனை வாரம் பிடிக்கும் என்பதை முழுதாகச் சொல்ல ஒருவரும் இல்லை. நான் அலைந்து தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள். மூச்சு இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும், எலும்பு அவ்வளவு வேகமாகப் பழகாது. புதிதாகச் சுமை விழும்போது எலும்பு முதலில் தன் பழைய பகுதியை அரித்து எடுக்கிறது, அதற்கப்புறம்தான் புதிதாகக் கட்டுகிறது. நடுவில் சில வாரங்கள் அது முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். ‘இப்போது நன்றாக ஓட வருகிறதே’ என்று தூரத்தைக் கூட்டுவதும் அதே வாரங்களில்தான். அதனால் தேதியை எப்போதும் பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். பயிற்சிக்கு அழைப்பது வழக்கமாக ஜனவரியில். கால் இப்போதே வலிக்கிறது என்றால், ஆற ஒன்றரை மாதம், மறுபடி ஓட்டத்தைக் கட்டி எழுப்ப இரண்டு மாதம் என்று வைத்துக்கொண்டு, ஆகஸ்ட் செப்டம்பரிலேயே வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

1. வலி எங்கே என்று கட்டைவிரலால் தேடுங்கள்

உட்கார்ந்து, வலிக்கும் காலை மற்றக் காலின் மேல் போடுங்கள். கணுக்காலின் உள்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பிலிருந்து தொடங்கி, கணைக்கால் எலும்பின் உள் ஓரமாகவே கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு மேலே போங்கள். ஒரு விரல் அகலத்துக்கு ஒருமுறை நின்று அழுத்துங்கள். வலிக்கும் இடத்திலெல்லாம் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். எனக்கு பிசியோதெரபிஸ்ட் (பிசியோ) செய்து காட்டிய முறை இது. வீட்டிலேயே செய்யலாம்.

புள்ளிகள் எலும்பின் கீழ்ப்பாதியில், ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் ஒரு கோடு மாதிரி நீண்டு நின்றால் ஷின் ஸ்பிளின்ட்ஸ் என்று எடுத்துக்கொள்ளலாம். எலும்பைச் சுற்றியுள்ள உறையும் எலும்பின் மேற்பரப்பும் அதிகச் சுமையால் நொந்து போயிருக்கின்றன. ஓட ஆரம்பிக்கும்போது வலித்து, உடம்பு சூடானதும் குறைந்து, ஓடி முடித்தபின் திரும்ப வருவது இதன் ஆரம்பகாலக் குணம்.

ஒரே ஒரு இடம், காசு அளவுக்கு, தொட்டாலே துள்ள வைக்கிறது என்றால் அது வேறு கதை. எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். அடுத்த பகுதியைக் கட்டாயம் படியுங்கள்.

2. ஓட்டத்தை இன்றே நிறுத்த வேண்டிய அடையாளங்கள்

இரவில் படுத்திருக்கும்போதும் வலி. சாதாரணமாக நடந்தாலே வலி. ஒற்றைக் காலில் குதித்தால் அந்த ஒரு புள்ளியில் சுரீர் என்று இழுப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் விரிசல் இல்லை என்று உறுதியாகும்வரை ஓட வேண்டாம். வலி எலும்பின் முன் விளிம்பில், நடுப்பகுதியில் ஒரே இடத்தில் இருந்தால் இன்னும் அவசரம். அந்த இடத்து விரிசல் ஆறுவது கடினம், முழு முறிவாகவும் மாறலாம்.

எக்ஸ்ரே விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். மயிரிழை விரிசல் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. ‘எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது’ என்று சொன்ன மறுநாளே ஓடக் கிளம்பிவிடாதீர்கள். புள்ளி வலி தொடர்ந்தால் மறுபடி எடுக்கக் கேளுங்கள், அல்லது எம்.ஆர்.ஐ. பற்றிக் கேளுங்கள்.

இன்னும் இரண்டு உண்டு. ஓடும்போது கால் கல் மாதிரி இறுகி, பாதம் மரத்துப்போய், நின்ற கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டால், தசையறைக்குள் அழுத்தம் ஏறுகிறது என்று அர்த்தம். அதற்கு ஓய்வும் ஐஸும் போதாது, டாக்டர் பார்க்க வேண்டும். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து இருந்தால் ரத்தம் கட்டியிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், காலைப் பிடித்துவிடச் சொல்லி யாரிடமும் நீட்டாதீர்கள்.

3. யாரிடம் போவது, என்ன எடுத்துப் போவது, எவ்வளவு ஆகும்

கையில் காசு இல்லை என்றால் உங்கள் பகுதி அரசு கிளினிக்கில் தொடங்குங்கள். அங்கே பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. விடிவதற்கு முன்னால் வரிசையில் நின்றுவிடுவது நல்லது, பத்து மணிக்குப் போனால் அந்த நாளே போய்விடும். அடையாள அட்டை, வீட்டு முகவரிக்கு ஒரு சான்று, முன்பு போயிருந்தால் கிளினிக் அட்டை, இவை போதும். நர்ஸ் பார்த்துவிட்டுத் தேவையென்றால் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதித் தருவார். சாட்ஸ்வர்த்காரர்களுக்கு அது பெரும்பாலும் ஆர்.கே. கான் ஆஸ்பத்திரி. அந்தக் கடிதம் இல்லாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனால், அவசர நிலை இல்லாதவரைத் திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம்.

அரசு ஆஸ்பத்திரியில் கட்டணம் வருமானத்தைப் பொறுத்தது. சம்பளச் சீட்டு இருந்தால் எடுத்துப் போங்கள். வேலை இல்லை என்றால் போலீஸ் நிலையத்தில் அதற்கு ஒரு சத்தியவாக்குமூலம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், காசு கேட்க மாட்டார்கள். இந்த ஒரு காகிதம் இல்லாமல் கவுண்டரில் நின்று வாதாடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மெட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் இதை மறக்கவே கூடாது. இல்லாவிட்டால் அதிகக் கட்டணப் பிரிவில் போட்டுவிடக்கூடும்.

கொஞ்சம் செலவழிக்க முடியும் என்றால், நேராகத் தனியார் பிசியோதெரபிஸ்டிடம் போகலாம். இந்த நாட்டில் பிசியோவைப் பார்க்க டாக்டரின் கடிதம் தேவையில்லை. பலர் இதைத் தெரியாமல் டாக்டர் ஃபீஸும் கட்டிவிட்டுப் பிறகு பிசியோவுக்கும் கட்டுகிறார்கள். ஒரு தடவைக்குப் பல நூறு ராண்ட் ஆகும், இடத்துக்கு இடம் மாறும். அதனால் நேரம் குறிக்கும்போதே மூன்று கேள்வி கேளுங்கள்: முதல் தடவைக்கு எவ்வளவு, அடுத்தடுத்த தடவைக்கு எவ்வளவு, ரொக்கமாகக் கொடுத்தால் குறையுமா. பெற்றோரின் மெடிக்கல் எய்டில் (மருத்துவக் காப்புத் திட்டத்தில்) நீங்கள் இன்னும் இருந்தால், பில்லில் நோய்க் குறியீடும் பிசியோவின் பதிவு எண்ணான பிராக்டிஸ் எண்ணும் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் பணம் திரும்ப வராது.

பிசியோ சொன்ன பயிற்சியை ஒழுங்காகச் செய்கிறவருக்கு நாலைந்து தடவை போனால் போதும். வாரம் இரண்டு முறை வந்து மெஷின் வைத்துக்கொண்டு போங்கள் என்று மாதக்கணக்கில் இழுத்தால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மெஷின் வலியைக் கொஞ்சம் குறைக்கும், எலும்பையும் சதையையும் பலமாக்குவது பயிற்சிதான். வலி அடங்கியபின் ஓட்டத்தைக் கட்டி எழுப்ப பயோகைனடிசிஸ்ட் என்று ஒரு துறையினர் இங்கே இருக்கிறார்கள், உடற்பயிற்சி வழியாகவே குணப்படுத்துகிறவர்கள். ராணுவத்துக்குப் போகிறவர்களுக்கு அவர்களிடம் ஒரு தடவை போய் அட்டவணை போட்டு வாங்கிக்கொள்வது கொடுத்த காசுக்குத் தகும்.

தனியாரில் எம்.ஆர்.ஐ. எடுத்தால் ஆயிரக்கணக்கில் ராண்ட் போகும். மெடிக்கல் எய்ட் இருந்தாலும் முன் அனுமதி வாங்காமல் படுத்துவிடாதீர்கள்.

எக்ஸ்ரே, அறிக்கை, கடிதம் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். 10-ஆம் படியில் அது வேண்டியிருக்கும்.

4. முதல் இரண்டு வாரம்

ஓட்டம், குதித்தல், கயிறு தாண்டுதல் மூன்றும் கிடையாது. படுத்தே கிடக்கவும் வேண்டாம். சைக்கிள், நீச்சல், தண்ணீருக்குள் ஓடுவது, எதில் கால் வலிக்கவில்லையோ அதைச் செய்து மூச்சைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். புஷ்-அப், சிட்-அப் வேலையை இந்த வாரங்களில் முடுக்கலாம். தேர்வில் அவையும் வருகின்றன.

ஐஸ் வைப்பதென்றால் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று முறை. வலியைக் குறைக்கும், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். பாட்டி தைலம் தேய்க்க வந்தால் சதையில் தேய்க்கட்டும், எலும்பின் மேல் அழுத்த வேண்டாம்.

ஓடுவதற்கு முன்னால் வலி மாத்திரை போடுவதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். நண்பர்கள் ஜிம் பையிலிருந்து எடுத்து நீட்டுவார்கள். வலிதான் உங்கள் எலும்பு எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்கிறது. அதை மூடிவிட்டு ஓடினால், ஆறு வாரத்தில் ஆறவேண்டியது விரிசலாகி மூன்று மாதம் இழுக்கும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அந்த மாத்திரைகளால் வேறு ஆபத்தும் உண்டு.

5. கெண்டைச்சதையைப் பலப்படுத்துங்கள்

தரையில் பாதம் மோதும் அதிர்ச்சியைக் கெண்டைச்சதை வாங்காவிட்டால் எலும்பு வாங்கும். வலி நடையில் இல்லை என்றான உடனே இதைத் தொடங்கலாம்.

சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலாலும் குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். பன்னிரண்டு முறை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். தூக்க இரண்டு விநாடி, இறக்க மூன்று விநாடி. அடுத்து அதையே முழங்காலைக் கொஞ்சம் மடக்கி வைத்துச் செய்யுங்கள். உள்ளே இருக்கும் சோலியஸ் சதைக்கு இதுதான் வேலை கொடுக்கும், பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவதும் இதைத்தான். சுலபமானதும் ஒற்றைக் காலில். ஒரே மூச்சில் இருபது, இருபத்தைந்து முறை ஒற்றைக் காலில் தூக்கும்வரை இதை விடாதீர்கள். அப்புறம் முதுகை சுவரில் சாய்த்து, குதிகால் தரையில் இருக்க, முன்பாதத்தை மேலே தூக்கும் பயிற்சி. இடுப்புக்குப் பிரிட்ஜும் (மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது) சைடு பிளாங்கும் (ஒருக்களித்து முழங்கையில் உடம்பைத் தாங்குவது). எல்லாம் சேர்த்து இருபது நிமிடம், ஒரு ராண்ட் செலவில்லை.

6. திரும்ப ஓடுவது

மூன்று சோதனையிலும் தேறினால் மட்டும் தொடங்குங்கள். அரை மணி நேரம் வேகமாக நடந்தும் வலி இல்லை. எலும்பை அழுத்தினால் ஏறக்குறைய வலி இல்லை. ஒற்றைக் காலில் பத்து முறை குதித்தும் வலி இல்லை.

முதல் வாரம் ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டு முறை. ஒருநாள் விட்டு ஒருநாள் மட்டும். அடுத்த வாரம் இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. அப்படியே ஓட்டத்தைக் கூட்டி, நடையைக் குறைத்து, ஆறேழு வாரத்தில் இருபத்தைந்து முப்பது நிமிடம் நிற்காமல் ஓடும் நிலைக்கு வாருங்கள். அதற்கு முன் வேகத்தைத் தொடாதீர்கள். பயிற்சி முகாமிலும் தேர்விலும் 2.4 கிலோமீட்டரை நேரம் பார்த்து ஓட வேண்டியிருக்கும் என்பதால் எல்லோருக்கும் ஸ்டாப்வாட்ச் மேல்தான் கண். தூரம் உறுதியானபின் வேகம் தானாக ஏறும். ஒரே வாரத்தில் தூரத்தையும் வேகத்தையும் சேர்த்துக் கூட்டவே கூடாது.

வலியைப் பத்துக்கு எத்தனை என்று தினம் எழுதி வையுங்கள். ஓடும்போது இரண்டு வரை வந்து, மறுநாள் காலை எழும்போது போயிருந்தால் தொடரலாம். மறுநாள் காலை படுக்கையிலிருந்து இறங்கும் முதல் அடியில் வலி இருந்தால் ஒரு படி பின்னால் போங்கள். வாரம் வீணாகிறதே என்று தோன்றும். பரவாயில்லை, போங்கள். முன்னே தள்ளிக்கொண்டு போனவர்கள்தான் டிசம்பரில் முதலிலிருந்து தொடங்குகிறார்கள்.

ஓடும்போது எட்டை நீட்டி வைக்காமல் சின்னச் சின்னதாக, வேகமாக வையுங்கள். ஒரு நிமிடத்துக்கு எத்தனை எட்டு வைக்கிறீர்கள் என்று எண்ணி, அதை நூற்றுக்கு ஐந்து அளவு கூட்டினாலே கணைக்காலில் விழும் அடி குறையும்.

கடைசி மூன்று வாரம் தோள்பையில் சில கிலோ வைத்து நடந்து பழகுங்கள். அந்த நாட்களில் ஓட்டம் வேண்டாம்.

7. எங்கே ஓடுவது

நம் ஆட்கள் இருக்கும் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகள் இரண்டுமே ஏற்ற இறக்கம். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், ஆனால் எலும்பை அடிப்பது இறக்கம். முதல் மாதம் ஏற்றத்தில் ஓடி, இறக்கத்தில் நடந்து வாருங்கள். ரோட்டின் ஓரச் சரிவில் ஒரே பக்கமாக ஓடினால் ஒரு கால் மட்டும் எப்போதும் தாழ்வாக விழும், அந்தக் காலுக்கே வலி திரும்பும்.

நல்ல இடம், வெட்டிய புல்லுள்ள விளையாட்டு மைதானம். குழி இல்லையா என்று ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு ஓடுங்கள். டர்பன் கடற்கரையில் யு-ஷாகாவிலிருந்து புளூ லகூன் பக்கம் போகும் நடைபாதை சமதளம், விடிகாலையில் ஆள் நடமாட்டமும் இருக்கும். தரை கடினம்தான், ஷூ நல்லதாக இருக்கட்டும். மெத்து மணலில் ஓடினால் எலும்புக்கு நல்லது என்று சொல்வார்கள். மணலில் கால் புதையப் புதையக் கெண்டைச்சதை இழுபட்டு வலி கூடுகிறது. ஆறும்வரை மணல் வேண்டாம்.

சனிக்கிழமை காலையில் நார்த் பீச்சில் பார்க்ரன் என்ற பொது ஓட்டம் நடக்கிறது. 5 கிலோமீட்டர், இலவசம், ஒருமுறை பதிவு செய்து பார்கோடு எடுத்துப் போனால் போதும். நடந்தே முடிக்கிறவர்களும் நிறைய. ஆரம்பத்தில் அங்கே நடந்துவிட்டு வாருங்கள்.

நவம்பர், டிசம்பர் புழுக்கத்தில் காலை ஐந்தரை மணிக்கே ஓடி முடித்துவிட வேண்டும்.

8. டக்கியும் பூட்ஸும்

ஓடுகிற டக்கி (விளையாட்டு ஷூ) ஐந்நூறிலிருந்து எண்ணூறு கிலோமீட்டருக்குள் தன் மெத்தையை இழந்துவிடும், மேலே புதிதாகத் தெரிந்தாலும். அண்ணனுடைய பழைய ஜோடி வேண்டாம். மாலையில் போய் வாங்குங்கள், பகல் முழுவதும் நடந்த பாதம் கொஞ்சம் பெருத்திருக்கும். விலை உயர்ந்ததுதான் நல்லது என்று இல்லை, போட்டு ஓடிப் பார்த்துச் சுகமாக இருப்பதுதான் நல்லது. பாதம் தட்டையாக இருந்தால் முதலில் மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரண இன்சோல் போட்டுப் பாருங்கள். அளவெடுத்துச் செய்வது ஆயிரக்கணக்கில் ஆகும், பலருக்கு அது தேவைப்படாது.

பூட்ஸை முகாமில்தான் கொடுப்பார்கள். அதற்கு முன்பே கனமான பூட்ஸ் ஒன்றைப் போட்டு வீட்டைச் சுற்றி நடந்து பழகுவது நல்லது. பூட்ஸோடு தார் ரோட்டில் ஓட வேண்டாம்.

9. சாப்பாடும் விரதமும்

பயிற்சி சூடு பிடிக்கிற நேரத்திலேயே புரட்டாசி வருகிறது. ஒரு மாதம் மரக்கறி என்பதில் தவறே இல்லை, ஆனால் சோறும் உருளைக்கிழங்குக் கறியும் ரொட்டியுமாக ஓட்டிவிடாதீர்கள். பருப்பு, சுகர் பீன்ஸ், மாஸ் (புளித்த பால்), வேர்க்கடலை, பால் ஒவ்வொரு வேளையிலும் ஒன்றாவது இருக்கட்டும். ஒருவேளை மட்டும் சாப்பிடும் விரதம் என்றால் அந்த நாட்களில் நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஓடி எரித்த அளவுக்குச் சாப்பிடாத உடம்பு எலும்பைக் கட்டாது. பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் தள்ளிப்போகிறது, நின்றுபோகிறது என்றால் அதை லேசாக விடாதீர்கள், எலும்பு பலவீனமாகிறது என்பதற்கு அது ஒரு எச்சரிக்கை. டாக்டரிடம் சொல்லுங்கள்.

அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த பெண்களுக்குக் கால்சியமும் வைட்டமின் டியும் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2008-இல் வந்தது. கொடுக்கப்பட்டவர்களுக்கு விரிசல் சுமார் 20 சதவீதம் குறைவாக இருந்தது. நம் கறுத்த தோலுக்கு வெயில் கொஞ்சம் அதிகமாகவே தேவை. கிளினிக்கிலோ டாக்டரிடமோ கேட்டுவிட்டு மாத்திரை எடுங்கள், நீங்களாக அள்ளிப் போட வேண்டாம்.

காவடி நேர்ந்துகொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. தைப்பூசம் ஜனவரி, பிப்ரவரியில் வரும். ஆறாத கணைக்காலோடு வெறுங்காலில் தார் ரோட்டில் நீண்ட தூரம் நடப்பது பெரிய சுமை. குருக்களிடம் சொன்னால் அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ள வழி சொல்வார். முருகன் காத்திருப்பான்.

10. விண்ணப்பமும் மருத்துவப் பரிசோதனையும்

தென்னாப்பிரிக்கக் குடியுரிமை, மெட்ரிக், குற்றப் பதிவு இல்லாமை, வயது 18 முதல் 22 வரை, பட்டம் அல்லது டிப்ளமோ இருந்தால் 26 வரை என்பது வழக்கமான நிபந்தனை. ஒவ்வொரு வருட விளம்பரத்திலும் சரிபாருங்கள். அடையாள அட்டை, மெட்ரிக் சான்றிதழ் நகல்களைப் போலீஸ் நிலையத்தில் முத்திரை வைத்து வாங்கலாம், இலவசம். ரொம்பப் பழைய முத்திரையை ஏற்க மாட்டார்கள் என்பதால் விண்ணப்பிக்கும் வாரத்தில் வாங்குங்கள். விண்ணப்பிக்கக் காசு கிடையாது. ‘இடம் வாங்கித் தருகிறேன், இத்தனை ராண்ட் அனுப்பு’ என்று செய்தி வந்தால் அது மோசடி.

மருத்துவப் பரிசோதனையில் கணைக்கால் வலி வந்ததா என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். நீங்கள் சேர்த்து வைத்த ஃபைல் இங்கேதான் உதவும். வந்தது, இன்ன தேதியில் பார்த்தேன், இந்தப் பயிற்சி செய்தேன், இப்போது இத்தனை நிமிடம் வலியில்லாமல் ஓடுகிறேன் என்று காகிதத்தோடு சொல்கிறவரை மருத்துவர் நம்புவார். மறைத்துவிட்டு உள்ளே போனால் வலி பயிற்சியின் நடுவில் வெளியே வரும், அப்போது இடமே போகலாம். ஓட்டத் தேர்வு நாளுக்கு முன் கால் ஆறவில்லை என்றால், வயது இடம் கொடுக்குமானால், அடுத்த வருடம் விண்ணப்பிப்பதைப் பற்றி வீட்டில் பேசுங்கள்.

11. முகாமுக்குள் போனபின்

தரைப்படை என்றால் கிம்பர்லி, கடற்படை என்றால் சல்டான்யா என்று அனுப்பலாம். தென்னாப்பிரிக்க ராணுவத்தின் 9 வார அடிப்படைப் பயிற்சியைக் கவனித்து 1994-இல் வெளியான ஆய்வில், காயங்கள் அதிகம் வந்தது முதல் மூன்று வாரத்திலும் ஒன்பதாவது வாரத்திலும். பெரும்பாலானவை முழங்காலுக்குக் கீழே. ஆகவே கிளம்புவதற்கு முந்தின ஒரு வாரம் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து, காலை ஓய்வாக எடுத்துப் போங்கள். உள்ளே இரவில் பத்து நிமிடம் குதிகால் தூக்கும் பயிற்சியை விடாதீர்கள். புள்ளி வலி வந்தால் அன்றைக்கே மருத்துவப் பிரிவில் பதிவு செய்யுங்கள். பூட்ஸ் கடித்தால் இரண்டு ஜோடி காலுறை போட்டுச் சமாளிக்காமல், அளவு மாற்றித் தரும்படி முதல் வாரத்திலேயே கேளுங்கள். பிறகு கேட்டால் ஸ்டோரில் உங்கள் அளவு தீர்ந்துபோயிருக்கும்.